சின்னவனுக்குக் கதை சொல்வதை நிறுத்தாதே

அன்புள்ள கீதாவுக்கு,

சின்னவன் 'விஷுவல் லேர்னர்' என்று பள்ளியில் ஏதோ கேள்வித்தாள் வைத்துச் சொல்லிவிட்டார்கள், இனிமேல் படமும் வீடியோவும்தான் அவனுக்குச் சரிவரும், ராத்திரிக் கதையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று போனில் சொன்னாய். வேண்டாம் கண்ணு. அதை விடாதே.

இந்த மாதிரி பிரிப்பதை எங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிக்கொடுத்தார்கள். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங் 1992-இல் 'வார்க்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நாலு வகை. பிள்ளைக்குப் பிடித்த வழி என்று ஒன்று இருக்கும்தான். ஆனால் பிடித்த வழியிலேயே நடத்தினால் பாடம் நன்றாக ஏறுமா? 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

வகுப்பறையில் நான் பார்த்ததும் அதுதான். எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் தீர்மானிக்கும். ஆறு எங்கே ஓடுகிறது என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கால் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் தூக்கிப் பார்க்கட்டும். ழகரம் இருக்கிறதே, அதற்கு வாழைப்பழப் படத்தை எத்தனை முறை காட்டினாலும் பிரயோசனம் இல்லை. நம் மதுரைப் பக்கம் வாளப்பளம் என்றே பேசி வளர்ந்த பிள்ளைகள் முதலில் அந்த ஒலியைக் காதால் நிறையக் கேட்க வேண்டும், அப்புறம் நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடாமல் நிற்பதையும், ளகரத்துக்குத் தொடுவதையும் வாய்க்குள்ளேயே உணர வேண்டும். புனேயில் சின்னவனுக்குத் தமிழ் காதில் விழுவதே நீ பேசும்போதும் கதை சொல்லும்போதும்தானே.

இன்னொன்று, கண்ணும் காதும் தனித்தனியாக வேலை செய்வதும் இல்லை. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வாய் 'கா' என்று (காந்தியில் வரும் கா) அசைவதைக் காட்டிக்கொண்டே 'பா' என்ற ஒலியை (பாபுவில் வரும் பா) ஓடவிட்டார்கள். பார்த்த பெரும்பாலோர் காதில் விழுந்தது இரண்டும் இல்லை, 'வாடா'வில் வருகிற மாதிரி ஒரு 'டா'. கண்ணை மூடினால் மறுபடி 'பா'தான். ஆக, உன் முகத்தைப் பார்த்துக் கதை கேட்கிறவன் கண்ணாலும்தான் கேட்கிறான். விளக்கை அணைக்காமல் சொல், போதும். படப் புத்தகமும் இருக்கட்டும், நான் அதற்கு எதிரி இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். கதை நடுவில் அவன் அடிக்கடி "என்னது?" என்று திரும்பக் கேட்டாலோ, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ, காது டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடு. சளி பிடித்த பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு சில வாரம் மந்தமாகக் கேட்பது சகஜம். பல சமயம் வலிகூட இருக்காது, யாருக்கும் தெரியவராது. சரியாகக் கேட்காத பிள்ளை படத்தைத்தானே நாடும்? அதற்கும் லேர்னர் என்று ஒரு பெயர் வைத்துவிடக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல், இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
அம்மா