வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்து எங்க தோட்டத்த காப்பாத்துனவங்களுக்கு

முதுகு ஆபரேஷன் முடிஞ்சு அப்பா இப்பதான் மெல்ல வரப்புல நடக்க ஆரம்பிச்சிருக்காரு, அவர் சொல்லித்தான் வீட்டுல எல்லார் சார்பாவும் எழுதுறேன். நேர்ல சொல்ல உங்க பாஷை எனக்கு வராது, அதனால உங்க மொழியில மாத்தி படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கேன்.

காய்கறி வெள்ளாமைல வீட்டு ஆளு படுத்துட்டாருன்னு செடி காத்திருக்காது. வெண்டைக்கு பூ விட்டு அஞ்சாறு நாள்தான், ஒரு பறிப்பு தள்ளிப்போனா காய் முத்தி நாராயிடும், முத்துனத செடியிலயே விட்டா அடுத்த காய்ப்பும் கொறஞ்சுடும். அப்பா ஆஸ்பத்திரியில இருந்த மூணு வாரமும் ஒரு பறிப்பு கூட தவறல. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்னு விடியக்காலைல தலையில லைட்டு கட்டிக்கிட்டு, வெண்டைச் செடியோட சொனை குத்தி அரிக்காம இருக்க முழங்கை வரைக்கும் பழைய சாக்ஸ வெட்டி மாட்டிக்கிட்டு, முத்திடுச்சோன்னு சந்தேகம் வந்த காய மட்டும் நுனிய ஒடிச்சுப் பாத்து தள்ளி வச்சு... அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் தரம் பிரிக்கிற வேலையே இல்லாம பண்ணிட்டீங்க.

அக்கா, குளிர் ரூம்ல கீரை ஏன் மஞ்சளாகுதுன்னு நாங்க ரெண்டு வருஷமா முழிச்சோம். நீங்கதான் பக்கத்துல இருந்த தக்காளி கிரேட்ட காட்டி வெளிய எடுக்கச் சொன்னீங்க. பழுக்கிற தக்காளி விடுற எத்திலீன் வாயுதான் காரணம்னு அப்புறமாதான் தெரிஞ்சுக்கிட்டேன், தக்காளிக்கும் அந்தக் குளிர் ஆகாதாம், 10 டிகிரிக்குக் கீழ வச்சா ருசி போயிடுமாம்.

தம்பி, உங்ககிட்ட நன்றியோட மன்னிப்பும் கேக்கணும். களைக்கொத்துக்கு நீளக் காம்பு போடலாம்னு போன சீசன்லயே சொன்னீங்க, வேலை சுத்தமா இருக்காதுன்னு நான்தான் மறுத்தேன். முதுகு போகுதுன்னு தோட்டத் தொழிலாளிங்க கேஸ் வரைக்கும் போய் கலிபோர்னியாவுல குட்டைக் காம்பு களைக்கொத்த 1975லயே நிறுத்த வச்சிருக்காங்கன்னு, அப்பா படுத்த அப்புறம்தான் படிச்சேன். இப்ப எல்லாத்துக்கும் நீளக் காம்பு போட்டாச்சு.

பெட்டி லேபிள்ல எங்க குடும்பப் பேரு மட்டும்தான் இருக்கு, அந்த மூணு வாரம் அந்தப் பேர காப்பாத்துனது நீங்க. உங்கள கூட்டிட்டு வந்த ஏஜென்ட்டோட கமிஷனால உங்களுக்கு வந்த கடன் பத்தி இனி கவலப்படாதீங்க, அத நாங்க பாத்துக்கிறோம், சம்பளத்துல ஒரு காசு பிடிக்க மாட்டோம்.

ஊருக்குப் போய் புள்ளைங்கள பாத்துட்டு நிதானமா வாங்க. நாத்து விட்டாச்சு. உங்க சாக்ஸ் அங்கேயே ஷெட்டு ஆணியிலதான் தொங்குது.