பச்சைக் கட்டையில் யானை செதுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மரக்கட்டையில் மிருக உருவங்கள் செதுக்கும் பொழுதுபோக்கைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில், அன்றன்றைக்கு வெட்டிய பச்சைக் கட்டையே நல்லது, உளிக்குச் சுலபமாக வழிவிடும் என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அதைப் படித்ததும் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. நானும் இப்படி யாரோ சொல்லக் கேட்டு ஏமாந்தவன்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொல்லை வேப்பமரத்தைச் சாய்த்துப் போட்டது. விறகுக்குப் போனது போக, அடிமரத்தில் இரண்டடித் துண்டு ஒன்றை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு யானை செதுக்க ஆரம்பித்தேன். பச்சை மரம் உளிக்கு லேசு, அதை மறுக்கவில்லை. பொங்கலுக்குள் முடித்து, உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவிக் கூடத்தில் வைத்தாயிற்று. பங்குனியில் ஒரு ராத்திரி டப்பென்று சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் நெற்றியில் ஆரம்பித்துத் துதிக்கை வழியாகக் கீழ்வரைக்கும் விரிசல், என் சுண்டுவிரல் உள்ளே போகிறது.

காரணத்தை அப்புறம் ஒரு தச்சர்தான் சொன்னார். மரம் காயும்போது நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது, சுற்றுவாட்டில்தான் அதிகம் சுருங்கும், நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் வாட்டத்தில் கிட்டத்தட்ட அதில் பாதிதான், ஆக இரண்டும் ஒத்துப்போகாமல் முழு உருளைக்கட்டை எங்காவது ஓரிடத்தில் வாய் பிளந்தே தீரும். அதனால் கட்டையை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, நடு மையத்தைக் கழித்துவிட்டு, இரண்டு தலைப்பிலும் பெயிண்டோ மெழுகோ பூசி (ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும்) நிழலில் போட வேண்டும். வெயிலில் போட்டால் கதை முடிந்தது. ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர் கணக்கு. பொறுமை இல்லாதவர்கள் மரவாடியில் காய்ந்த துண்டு கேட்டு வாங்கலாம்.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லவில்லை. மிருகத்தின் கால்கள் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே நீட்டிய துதிக்கையும் வாலும் உளி பட்டாலே பட்டென்று போய்விடும். என் இரண்டாவது யானை துதிக்கையைத் தொங்கவிட்டு முன்காலோடு ஒட்டிக்கொண்டு நிற்பது அழகுக்காக அல்ல, பயத்தினால். மரமும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்பார்கள், சிலைக்கும் அது ஆகாது. 2020-ல் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் வாகையிலும் மாமரத்திலும் வேம்பிலும் எல்லாம் செதுக்குகிறார்கள். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதும்போது அங்கே உளி பிடிக்கிற ஒருவரிடம் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது என் குறை.

அடுத்த ஞாயிறு அந்தப் பச்சைக் கட்டை வரிக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள் சார். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்நேரம் ஒரு துண்டை வீட்டுக்குத் தூக்கி வந்திருப்பார்கள்.

– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை