ரப்பர்காரனுக்குப் பதில் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் குழந்தைகளுக்கும் வரும் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் மாத்திரைகளைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு, சிபிடி என்ற பயிற்சி சிகிச்சையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் மகனை மீட்டது அதுதான்.

ஆறாம் வகுப்பில் ஒரு எழுத்து கோணினாலும் தாள் கிழியும்வரை அழிப்பான். நாலு வரி வீட்டுப்பாடத்துக்கு இரண்டு மணி நேரம். ராத்திரி படுத்த பிறகு "கேஸ் மூடியாச்சாம்மா?" என்று முப்பது தடவை கேட்பான். நானும் முப்பது தடவை "மூடியாச்சு சாமி" என்பேன். அவன் அப்பா எழுந்துபோய் சிலிண்டரைத் தொட்டுக் காட்டுவார். பள்ளியில் அவனைச் சோம்பேறி என்றார்கள். அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

மதுரையில் பார்த்த உளவியலாளர் முதலில் எங்களுக்குத்தான் பாடம் எடுத்தார். நாங்கள் சொல்லும் பதில் ஐந்து நிமிடம் நிம்மதி தரும், அப்புறம் நோய் அடுத்த பதிலைக் கேட்கும் என்றார். பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை படிப்படியாக அவனையே எழுதவைத்தார். முதல் படி, 'ழ'வைக் கோணலாக எழுதிவிட்டு ரப்பரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அழுதான் பிள்ளை. பத்துக்குப் பயம் எத்தனை என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு, எட்டு, ஏழு. நாற்பது நிமிடத்தில் மூன்று. அழிக்காமலே பயம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

நோய்க்கு அவன் வைத்த பெயர் ரப்பர்காரன். "இது ரப்பர்காரன் கேக்கிற கேள்வி" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் சமையலறையில் நின்று அழுதேன். மொத்தம் பதினாலு சனிக்கிழமைகள். இப்போது எட்டாம் வகுப்பு. தப்பாக எழுதினால் ஒரு கோடு அடித்துவிட்டு மேலே போகிறான்.

மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. 7 முதல் 17 வயதுவரையான 112 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் நோய் நன்றாக அடங்கியது மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு, சிபிடி மட்டும் எடுத்தவர்களில் 39 பேருக்கு, இரண்டும் சேர்ந்தபோது 54 பேருக்கு.

மதுரைக்குப் போக அவன் அப்பா வாராவாரம் ஒருநாள் தறிக்கூலியை விட்டார். எல்லா வீட்டிலும் அது முடியாது. ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இந்தப் பயிற்சி தெரிந்த உளவியலாளர் வேண்டும், பள்ளி இல்லாத சனிக்கிழமைகளிலும் இருக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாத பெற்றோர் 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சின்னாளப்பட்டி