கொரிய மொழியைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எட்டு ஆண்டுகளாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சியோலிலிருந்து ஒரு விருந்தினர் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். நான் கொரிய மேலாளருக்குப் போன் போட்டு "ஓகோ கேசெயோ" என்றேன். வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு அர்த்தம் "வந்துகொண்டிருக்கிறார்". அவரும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அந்த வயதான மனிதர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது "வா கேசெயோ".

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நான் படித்த வகுப்பில் ஆங்கில வழியாகத்தான் கொரிய இலக்கணம் நடத்தினார்கள். ஆங்கில வினையில் 'இங்' வந்தால் கொரியத்தில் 'கோ இத்தா' போடு என்று ஒரே சூத்திரம். போன வாரம் என் தம்பி மகளின் நோட்டைப் பார்த்தேன். வேறு வகுப்பு, அதே சூத்திரம். 'சிட்டிங்' என்பதற்கு நேரே "அன்க்கோ இஸ்ஸொயோ" என்று எழுதியிருந்தாள். அது உட்காரும் செயலைச் சொல்கிறது. உட்கார்ந்த நிலையில் இருப்பவரைச் சொல்ல "அன்ஜா இஸ்ஸொயோ" என்றுதான் வர வேண்டும்.

கொரியத்தில் 'இத்தா' என்பது நம்முடைய 'இரு'. தனியாகவும் வரும், இன்னொரு வினைக்குப் பின்னால் துணையாகவும் வரும். பேச்சில் அது 'இஸ்ஸொயோ' என்று முடியும். மரியாதைக்கு உரியவர் என்றால் அது 'கேசிதா' ஆகிவிடும், பேச்சில் 'கேசெயோ'. வினையோடு 'கோ' சேர்ந்து வந்தால் செயல் நடந்துகொண்டிருக்கிறது. 'ஆ' அல்லது 'ஒ' சேர்ந்து வந்தால் செயல் முடிந்து, அதனால் வந்த நிலை நீடிக்கிறது. "காகோ இஸ்ஸொயோ" என்றால் போய்க்கொண்டிருக்கிறார். "கா இஸ்ஸொயோ" என்றால் போயிருக்கிறார், இப்போது அங்கேதான் இருக்கிறார். கதவு திறந்திருக்கிறது என்பது "முனி யொல்ல்யொ இஸ்ஸொயோ". கொண்டிரு, இரு என்ற இந்த வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தை மூன்று வயதிலேயே பேச்சில் கொண்டுவந்துவிடுகிறது. அதை மறக்கடித்துவிட்டு, 'இங்' என்ற ஒரே பையில் இரண்டையும் போட்டு எதற்குச் சொல்லித்தர வேண்டும்?

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். நிற்பவரை நாம் "நின்றுகொண்டிருக்கிறார்" என்கிறோம். கொரியத்தில் அது "சொ இஸ்ஸொயோ", அதாவது 'நின்றிருக்கிறார்' போல. இன்னொன்று, நானே இரண்டு வருடம் தடுமாறியது. சட்டை போட்டிருக்கிறார் என்பதைத் தமிழை நம்பி "இபொ இஸ்ஸொயோ" என்றால் தப்பு. "இப்க்கோ இஸ்ஸொயோ" என்றுதான் சொல்ல வேண்டும். போட்டிருப்பதற்கும் போட்டுக்கொண்டிருப்பதற்கும் அந்த ஒரே வடிவம்தான், எது என்பது இடத்தைப் பொறுத்துத் தெரியும். கண்ணாடி அணிவது, செருப்பு போடுவது, கையில் பை வைத்திருப்பது எல்லாம் இப்படித்தான். இதற்கும் விளக்கம் நம் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. 'ஆ/ஒ இத்தா' செயப்படுபொருள் குன்றிய வினையோடும் செயப்பாட்டு வினையோடும்தான் சேரும். குன்றா வினைக்குக் 'கோ இத்தா'தான். பத்தாம் வகுப்புத் தமிழ் படித்த யாருக்கும் இந்த ஒரு வரி போதும்.

அப்புறம், அனுபவத்தைச் சொல்லும் 'இரு'. "கொரியாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்" என்பதற்கு "கா இஸ்ஸொயோ" உதவாது. அங்கே "கா ப்வாஸ்ஸொயோ" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "போய்ப் பார்த்தேன்"!

இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று நான் வாதாடவில்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். அந்த உறவை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. சரி, உறவு இல்லாவிட்டாலும் வாக்கியம் வினையில் முடிவதும், எச்சத்தோடு துணைவினை சேர்வதும் இரண்டுக்கும் பொதுதானே. மாணவருக்கு அது போதும்.

இங்கே வகுப்பு நடத்துபவர்களிடமும் பாடநூல் போடுபவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். துணைவினைப் பாடத்தையாவது தமிழில் எழுதுங்கள். கொரிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் தமிழ் வாக்கியத்தை வையுங்கள். எட்டு வருடமாக நான் அப்படி எழுதிவந்த நோட்டு ஒன்று இருக்கிறது. யாராவது இந்த வேலையை எடுத்தால் அதை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீபெரும்புதூர்