அந்த இளஞ்சிவப்பு ஓடு எது என்று காட்டித் தந்தவர்களுக்கு

அரபிக்கடல் அடிமண்ணின் வயதைத் தேடிய என் ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. அதில் நன்றி சொல்லக் கிடைத்த ஒரு பக்கம் போதவே இல்லை, அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் திருவனந்தபுரம் ஆய்வகத்துச் சேச்சி. அரபிக்கடலின் அடியிலிருந்து எடுத்த மண்தூணைத் துண்டு துண்டாக 63 மைக்ரான் சல்லடையில் போட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, உலர்த்தி, மிஞ்சும் வெள்ளைத் தூளை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகளின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்கப் பழக்கியவர் அவர்தான். வெள்ளைக்கு நடுவே லேசான இளஞ்சிவப்பில் ஒன்று கிடந்தது. "இதாணு மோளே" என்றார்.

குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற ஃபோராமினிஃபெரா இனத்தின் இளஞ்சிவப்பு வகை அது. அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது. ஆகவே தூணில் மேலிருந்து இறங்கும்போது அது முதலில் தட்டுப்படும் மட்டத்துக்கு ஒரு வயது கிடைத்துவிடுகிறது. கார்பன்-14 அணுக்களின் தேய்வை வைத்துப் போடும் வயதுக் கணக்கு சுமார் 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும், அதற்குக் கீழே எனக்குக் கைகொடுத்தது இந்த மணல் பருமன் ஓடுதான்.

அப்புறம், தூத்தூர் மீனவ அண்ணன்மாரே, "ஆனி ஆடியில தண்ணி தணுத்துப் போவும்" என்று நீங்கள் சொன்னது என் ஆய்வுக்குள் நேராக வந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடித்தண்ணீர் மேலேறுகிறது, அந்தக் குளிரில் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற இன்னொரு ஃபோராமினிஃபெரா இனம் பெருகுகிறது. அது கூடுவதும் குறைவதும் காற்றின் பலத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்கு ஓர் இனம் தோன்றியதோ மறைந்ததோதான் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் நன்றாகப் பிடிபட்டது.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இடம் கொடுத்த நண்பர்களுக்கும் பெரிய நன்றி. பல்குச்சி நுனியில் ஒட்டும் அளவு சேற்றில் எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசியின் சுண்ணாம்புத் தகடுகளைத் தேடிப் பிடித்தீர்கள். அந்தப் பாசி தோன்றியது ஏறக்குறைய 2,90,000 ஆண்டுகளுக்கு முன்புதான், தூணின் அடிமட்டத்திலும் அது இருந்ததால் மொத்தத் தூணும் அதற்குப் பிந்தியது என்று தைரியமாக எழுத முடிந்தது.

அம்மா, விடியும் முன்பே எழுந்து சோறு கட்டிக் கொடுத்து என்னைக் களியக்காவிளையில் பஸ் ஏற்றிவிட்டதற்கு என்ன சொன்னாலும் போதாது.

கழுவி எடுத்த மாதிரிகள் எல்லாம் துறையில் பத்திரமாக இருக்கின்றன. ஜூனியர்களே, வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், ஓடு பொறுக்கக் கூடவே உட்கார நான் வருகிறேன்.