எமிலியாவுக்கு அரை வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பொறாமை, நிறவெறி, ஒத்தெல்லோவுக்கு மனைவி மேல் சந்தேகத்தை ஊட்டும் இயாகோவின் சூழ்ச்சி எல்லாவற்றையும் நன்றாக அலசியிருந்தார் கட்டுரையாளர். பெண்கள் பக்கம் வந்ததும்தான் அவசரம். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவுக்கு ஒரு பத்தி, கூடவே ‘கற்பின் சிகரம்’ என்று ஒரு பட்டம். இயாகோவின் மனைவி எமிலியாவுக்கு ‘கைக்குட்டையை எடுத்துக் கொடுத்த பணிப்பெண்’ என்று அரை வரி; டெஸ்டிமோனாவின் அந்தக் கைக்குட்டையைத்தான் இயாகோ பொய்ச் சாட்சியாக்குகிறான். ஒத்தெல்லோவின் துணைத் தளபதி காசியோவின் காதலி பியாங்காவைக் காணோம்.

நாடகத்தில் பேசுகிற பெண்களே மூன்று பேர்தான். மூன்று பேரும் வேசி என்று ஏச்சு வாங்குகிறார்கள். காசியோவைக் குத்தியதே இயாகோதான். பழியைப் பியாங்கா மேல் தள்ள அவனுக்கு அந்த ஒரு வசை போதுமாக இருக்கிறது. அங்கே எமிலியாவும் சேர்ந்துகொண்டு அவளைத் திட்டுகிறாள். “என்னை ஏசுகிற உன்னைப் போலவே நானும் ஒழுங்காக வாழ்பவள்தான்” என்கிறாள் பியாங்கா. அடுத்த காட்சியிலேயே இயாகோ அதே வசையை மனைவி எமிலியா மேல் வீசுகிறான். ஷேக்ஸ்பியர் தெரியாமல் செய்த வேலையா இது?

ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவை அறைவது வெனிஸிலிருந்து வந்த லொடோவிகோவின் கண்ணெதிரில். அவர் அவளுக்கு உறவும்கூட. “அழுகிறாள், சமாதானப்படுத்துங்கள்” என்பதோடு சரி. அன்றிரவு அதே வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு, அடி வாங்கியவளிடமே நன்றி சொல்லி விடைபெறுகிறார்.

அதற்கு அடுத்து வருவது, இரண்டு பெண்களும் படுக்கையறையில் தனியாகப் பேசும் காட்சி. எமிலியா தலைவியின் உடையைக் களைய உதவுகிறாள், டெஸ்டிமோனா பழைய பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறாள். மனைவிகளுக்கும் கண் உண்டு, மூக்கு உண்டு, இனிப்பும் புளிப்பும் அறியும் நாக்கு உண்டு, கணவன்மார் அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று எமிலியா பேசுவது இங்கேதான். 1622-இல் வந்த முதல் அச்சில் அந்தப் பாட்டும் இல்லை, இந்தப் பேச்சும் இல்லை. 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில்தான் இரண்டும் இருக்கின்றன. நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர், “பரீட்சைக்கு வராது” என்று அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார். அது வேறு கதை.

பின்னாளில் நானே பாடம் நடத்தியபோது ஒரு மாணவி எமிலியாவைப் பற்றிக் கேட்டாள்: “கைக்குட்டை எங்கேன்னு டெஸ்டிமோனா கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னவள்தானே மேடம் அவ?” உண்மைதான். புருஷன் முகம் கோணக் கூடாது என்று எடுத்துக் கொடுத்தாள், தலைவி தவித்தபோது வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொய்யை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில், ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவைக் கொன்றபின் உண்மையைப் பேச முற்படும் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லி இயாகோ அதட்டும்போது, “அவருக்குக் கீழ்ப்படிவதுதான் முறை, ஆனால் இப்போது முடியாது” என்கிறாளே, அந்த ஒரு வரியை மாணவியையே உரக்கப் படிக்கச் சொன்னேன். கட்டுரையில் இடம் பெற்றிருக்க வேண்டிய வரி அது.

கணவன் கையால் குத்துப்பட்டு விழும்போது, தலைவியின் பக்கத்தில் தன்னைக் கிடத்தும்படி கேட்கிறாள். முடிவில் லொடோவிகோ, ஒத்தெல்லோவின் வீடும் சொத்தும் யாருக்கு, இயாகோவை என்ன செய்வது என்றெல்லாம் ஏற்பாடு சொல்லிவிட்டுக் கப்பலேறக் கிளம்புகிறார். அந்தப் பேச்சில் எமிலியாவின் பெயர் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
பாளையங்கோட்டை