பார்ட் ஸ்டாருக்கு மூன்றாமிடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்குகளை, அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்து வீசுகிறவர்களை, வரிசைப்படுத்திச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அமெரிக்க ஃபுட்பால் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய மகிழ்ச்சி. ஆனால் ஆரன் ராட்ஜர்ஸ் முதலிடம், பிரெட் ஃபார்வ் இரண்டாமிடம், பார்ட் ஸ்டார் மூன்றாமிடம் என்ற வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டார்தான் முதலில் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர் மொத்தக் கணக்கை வைத்துத்தான் முடிவுக்கு வந்திருக்கிறார். பேக்கர்ஸுக்காக ராட்ஜர்ஸ் வீசிய டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி தரும் வீச்சுகள்) 475, ஃபார்வ் 442, ஸ்டார் 152. இப்படிப் பார்த்தால் ஸ்டாருக்கு மூன்றாமிடம் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் 1978-ல் விதிகள் மாறியதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. ஸ்டார் ஆடிய நாட்களில், பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை எதிரணிக்காரர் வழி நெடுக இடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். 1978-லிருந்து ஐந்து யார்டைத் தாண்டினால் தொடக் கூடாது என்றாகிவிட்டது. 14 ஆட்டமாக இருந்த சீசனும் 16 ஆனது, 2021-ல் 17 ஆனது. ஸ்டார் காலத்தில் ஓடித்தான் ஆட்டத்தை ஜெயிப்பார்கள், பாஸ் எப்போதாவதுதான்.

அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு, ஸ்டாரும் ராட்ஜர்ஸும் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கிய ஒவ்வொரு சீசனை எடுத்து வைத்துப் பார்ப்போம். 1966-ல் ஸ்டார் 251 முறை பந்தை வீசினார், எதிரணி கையில் போய் விழுந்தது மூன்றே முறை. 2011-ல் ராட்ஜர்ஸ் 502 முறை வீசினார், எதிரணி பிடித்தது ஆறு முறை. இரண்டுமே சரியாக இரு மடங்கு, விகிதம் துளியும் மாறவில்லை. இடித்துத் தள்ள அனுமதி இருந்த காலத்தில் ஸ்டார் இதைச் செய்திருக்கிறார் என்பதைக் கட்டுரையாளர் யோசித்துப் பார்க்க வேண்டும். அப்புறம், 1966 சீசன், ஆண்டின் இறுதிப் பட்ட ஆட்டமான சூப்பர் பவுலின் முதல் பதிப்பில் வெற்றியோடு முடிந்தது. 2011 அணி 15 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது, ஆனால் பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 37–20 என்று தோற்று வெளியேறியது.

பிளேஆஃப் என்று வந்துவிட்டால் ஸ்டாரோடு வேறு யாரையும் ஒப்பிட முடியாது. பத்து ஆட்டங்களில் ஒன்பது வெற்றி. தோற்ற அந்த ஓர் ஆட்டம் 1960-ல், ஃபிலடெல்ஃபியாவுடன். பிறகு 1961, 62, 65, 66, 67 என ஐந்து பட்டங்கள். புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1956 டிராஃப்டில் 17-வது சுற்றில் 200-வது ஆளாக எடுக்கப்பட்ட பையன் இவர்!

1967 டிசம்பர் 31 அன்று டல்லஸுடன் நடந்த லீக் பட்டத்துக்கான ஆட்டத்தைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அன்று கிரீன் பேயில் குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் போட்டிருந்த வெப்பக் கம்பிகள் வேலை செய்யாததால் தரை பாறையாக உறைந்து கிடந்தது. ஸ்டாரை எட்டு முறை பந்தோடு கீழே தள்ளியிருந்தார்கள். 17–14 என்று பின்தங்கியிருந்த நிலையில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 68 யார்டு போக வேண்டும். போனார்கள். கடைசி ஒரு யார்டில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் டானி ஆண்டர்சன் பனியில் கால் ஊன்ற முடியாமல் இரண்டு தடவை வழுக்கினார். மீதி 16 விநாடி, கடைசி டைம் அவுட்டும் தீர்ந்தது. பந்தை உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம். ஸ்டாரோ பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியிடம் போய், நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். சக வீரர்களுக்கு இது தெரியாது. பந்து தன்னிடம்தான் வரும் என்று ஓடிவந்த இன்னொரு ரன்னிங் பேக் சக் மெர்சின், ஸ்டார் பந்தோடு உள்ளே பாய்வதைப் பார்த்ததும், தான் பின்னாலிருந்து தள்ளவில்லை என்று நடுவருக்குக் காட்ட இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். 21–17. இதை எந்தப் புள்ளிவிவரத்தில் சேர்ப்பது?

ராட்ஜர்ஸைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. பந்து வீசும் கை என்று மட்டும் பார்த்தால் பேக்கர்ஸில் அவருக்கு நிகர் இல்லை. 475 டச்டவுனுக்கு 105 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த வீச்சு) என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை. ஆனால் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில் ஐந்து முறை ஆடி நான்கில் தோற்றார். அதனால் எனக்கு அவர் இரண்டாமிடம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த வீரர் விருது வாங்கிய, 1992-லிருந்து பேக்கர்ஸுக்கு ஓர் ஆட்டம்கூட விடாமல் 253 ஆட்டங்கள் தொடங்கிய ஃபார்வ் மூன்றாமிடம். தந்தை இறந்த மறுநாள் ஓக்லண்டில் 399 யார்டு வீசிய அந்த இரவை எப்படி மறப்பது? ஆனால் 286 இன்டர்செப்ஷன்களையும் மறக்க முடியாது. 2002 ஜனவரியில் செயின்ட் லூயிஸில் ஒரே ஆட்டத்தில் ஆறு.

இன்னொரு குறை. கட்டுரை 1950-க்குப் பின்தான் தொடங்குகிறது. பேக்கர்ஸ் 1919-ல் பிறந்த அணி. அன்று டெயில்பேக் என்பவர்தான் பந்து வீசுவார், பெயர் வேறாக இருந்தாலும் வேலை இதேதான். செசில் இஸ்பெல் இடது தோள் விலகாமல் இருக்கக் கையைச் சங்கிலியால் உடம்போடு பிணைத்துக்கொண்டு ஆடியவர். 1942-ல் ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். 24 டச்டவுன், பதினோரு ஆட்டங்களில்! அத்தோடு 27 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். ஆர்னி ஹெர்பர் கிரீன் பேயிலேயே பிறந்து வளர்ந்தவர், நான்கு பட்டம் வென்ற அணிகளில் ஆடியவர், சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். இவர்களை விட்டுவிட்டு ஜோர்டன் லவ்வை ஐந்தாமிடத்தில் வைத்திருப்பது அவசரம். லவ்வை எனக்கும் பிடிக்கும், டல்லஸில் போய் 48 புள்ளி அடித்த பிளேஆஃப் ஆட்டத்தை ரசித்துப் பார்த்தேன். ஆனால் அவர் 2023-ல்தான் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். என் வரிசையில் நான்காமிடம் இஸ்பெல்லுக்கு, ஐந்தாமிடம் ஹெர்பருக்கு.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மில்வாக்கி, விஸ்கான்சின்